தினம் ஒரு பிடி காற்று

பவ வருஷம், ஆடி 12

எல்லாம் நான் அப்போதே சொன்னதுதான். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் அந்தோணி அண்ணன் நிலைக்க மாட்டார், அவர் இடத்துக்கு ஒரு முரட்டு ஆள் வருவான், வந்தால் நம் எலும்பை எண்ணுவான் என்று சித்திரையிலேயே சொன்னேன். யாரிடம் என்பது ஞாபகமில்லை. ஆனால் சொன்னேன். இன்று அந்தோணி அண்ணன் மகள் வீட்டோடு இருந்துகொள்ளக் கோலாருக்கு ரயிலேறிவிட்டார். நாளை முதல் சர்தார் பாஷா.

என் பேரன் என்றைக்காவது இதைப் படித்தால் விளங்க வேண்டும், அதனால் எழுதுகிறேன். போன மழைக்குப் பாலாறு நாங்கள் தோல் பதனிடுகிற ஷாப்புக்குள் புகுந்து, சுண்ணாம்புக் குழி ஆட்கள் இரண்டு பேரைக் கொண்டுபோனது. முதலாளி சாயபு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஆற்றோரக் குழியில் நிற்கிற ஒன்பது பேரும் ஐப்பசி முதல் தேதி ஷாப்புக் கிணற்றை நீந்திக் கடக்க வேண்டும். கடக்காதவனுக்கு வேலை இல்லை. கிணறு நாற்பது அடி அகலம். அறுபது என்றாலும் தப்பில்லை.

அந்த ஒன்பதில் நான்தான் மேஸ்திரி. வெள்ளத்தன்று ஜம்புலிங்கம் ஒருத்தன்தான் நீந்திக் கரையேறினான் என்று ஊரே பேசுகிறது. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது கொஞ்ச நேரம்தான்.

ஆடி 13

அந்தோணி அண்ணன் காலத்தில் முழுசாக உரித்த ஆட்டுத்தோலை ஊதி, கழுத்தைக் கட்டி, முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்குவோம். மிதப்போம். பீடி குடிப்போம். தோல்களைப் பொறுக்கிக் கொடுப்பவன் நான். எங்களில் எவனும் நீந்தவில்லை, எவனும் முழுகவும் இல்லை. அது ஒரு மரியாதையான படிப்பு.

பாஷா பஸ்ரா யுத்தத்தில் படகுப் பட்டாளத்தில் இருந்தவனாம். இடது கையில் மூன்று விரல். இன்று தண்ணீரையே காட்டவில்லை. தோலைப் போட்டுச் சதை வழிக்கிற உருண்டை மரத்தில் எங்களைக் குப்புறப் படுக்கச் சொல்லி, ஏக் தோ ஏக் தோ என்று எண்ணிக் காலை அடிக்கவிட்டான். கையில் ஆவாரங்குச்சி. கால் மடங்கினால் குச்சி பேசும்.

"மேஸ்திரி மொதல்ல" என்றான்.

இருபது வருஷமாக நான் தோலைப் போட்ட மரம். அதில் என்னைப் போட்டான். எட்டுப் பேரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்க நான் சிரித்தேன்.

ஆடி 20

இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன. பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆடி 29

தண்ணீரில் இறக்கினான். தோலும் கட்டிக்கொடுத்தான். அப்பாடா என்று இருந்தது, ஒரே நிமிஷம்தான். ஒவ்வொருவன் முதுகிலும் தோலின் கழுத்து வாரை அவிழ்த்து, ஒரு அமுக்கு அமுக்கி, திரும்பக் கட்டினான். "தினம் ஒரு பிடி காத்து வுடுவேன். காத்து கம்மி, ஆள் ஜாஸ்தி. ஒரு நாள் தோலே வாணாம்."

வெள்ளத்தில் நான் நீந்தியதை அவனுக்கு விளக்கினேன். அலை பனை உயரம் என்றேன். முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஒன் வாய் நல்லா மெதக்குது, ஜம்புலிங்கம். ஒடம்பு இன்னா பண்ணுது, அத்தச் சொல்லு."

சிரித்தவர்களில் ராஜவேலுவும் ஒருவன். என் அக்கா தேவகியின் மகன். இருபத்தாறு வயது ஆள். முதலாளி காலைப் பிடித்து அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது இந்தத் தாய்மாமன்.

ஆவணி 9

ராஜவேலு இன்று தோல் இல்லாமல் கிணற்றைக் கடந்துவிட்டான். தவளை மாதிரி போனான். பாஷா அவன் முதுகில் தட்டினான். எங்களுக்குத் தட்டினதில்லை, குச்சிதான். குழிக்கு அடுத்த மேஸ்திரி யார் என்று இப்போதே தெரிகிறதே என்று கணக்கப்பிள்ளை என் காதுபடச் சொன்னார்.

மாமன் இரத்தம் என்றேன். அவனுக்கு அரிச்சுவடி நான் போட்டது என்றேன். யாரும் ஆமாம் போடவில்லை.

ஆவணி 21

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

நடுக்கிணற்றில் என் தோல் சப்பென்று போய்விட்டது. காலையில் பாதிக்கு மேல் காற்று இருந்த தோல். கால் அடித்தேன், எண்ணிக்கை மறந்துபோனது, தண்ணீர் மூக்கில் ஏறியது. அம்மா என்று கத்தினேனாம். பாஷா குதித்து என் குடுமியைப் பிடித்து இழுத்துப் படியில் போட்டான். சுண்ணாம்புத் தண்ணீர் கக்குகிற நாய் மாதிரி கக்கினேன். எட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். எவனோ ஒருத்தன் "யம்மா" என்று என் குரலிலேயே இழுத்தான். என்னா சிரிப்பு! இருபது வருஷம் என் எதிரில் வாய் திறக்காதவன்கள்.

"நாளைக்கு இதே நேரம். தோல் இல்லாம" என்றான் பாஷா. அவ்வளவுதான். உயிர் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். இவன் கழுத்து வாரைக் கட்டும்போது ஊசி குத்தினான், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். கோணி ஊசி. நாலு விரல் நீளம். சட்டைக் காலரில் செருகி வைத்திருந்தான்.

சிரிப்பு நின்றது.

ஆவணி 22

முதலாளி முன்னால் விசாரணை. ஊசி ஆறு விரல் நீளம், முனை வளைந்தது என்று விவரமாகச் சொன்னேன். தோலைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றான் பாஷா. ஆத்திரத்தில் நேற்றே அதைச் சுண்ணாம்புக் குழியில் எறிந்துவிட்டேன் என்றேன். எறிந்தது உண்மை. இறங்கி எவன் தேடுவான்?

ஏழு பேரைக் கேட்டார். ஏழு பேர் கெண்டைக்காலிலும் குச்சித் தழும்பு. இருக்கும், இருக்கும் என்றார்கள். கடைசியில், நேற்று தோல் கட்டும்போது எனக்குப் பின்னால் நின்றவன் ராஜவேலு, அவனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை.

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

பாஷா குச்சியை மூலையில் சாத்தினான். கத்துவான், அடிக்க வருவான் என்று தயாராக இருந்தேன். ராஜவேலு பக்கம் திரும்பி, "வலது கால் இன்னும் மடங்குது ஒனக்கு. நீட்டி அடி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

நான் ஜெயித்தேன். எழுதி வைக்கிறேன்: ஜெயித்தேன்.

ஆவணி 24

காலையில் வாசலில் ஒரு ஒற்றை மாட்டு வண்டி, இரண்டு தகரப் பெட்டி. பாஷாவின் சம்சாரம் முனவ்வர் பேகம் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணே, ஒங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"எங்க வூட்ல கோணி ஊசியே இல்ல. துணி தைக்கிற ஊசி ஒண்ணு இருக்குது, அது எப்பவும் என்கிட்டதான் இருக்கும். அதான் கேட்டேன்."

கடையில் வாங்கியிருப்பான் என்றேன். எந்தக் கடை என்று கேட்பாள் என நினைத்து மாதனூர்ச் சந்தை என்று பதில்கூட எடுத்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. வண்டி ஸ்டேஷன் பக்கம் போயிற்று.

புரட்டாசி 10

வாத்தியார் கிடையாது. தோலை உருண்டையாக ஊதிக் கட்டிக்கொண்டு பீடி குடிக்கிறார்கள். மேஸ்திரி புண்ணியத்தில் நல்ல காலம் வந்தது என்கிறார்கள்.

மத்தியானச் சோற்றுக்கு எல்லோரும் போனபின் வயிறு சரியில்லை என்று நான் நின்றுகொள்கிறேன். உருண்டை மரத்தில் குப்புறப் படுத்து ஏக் தோ எண்ணுகிறேன். பிறகு கிணற்றுப் படியைப் பிடித்துக்கொண்டு. பிறகு பிடிக்காமல். ஏன் என்று என்னையே கேட்கக் கூடாது.

ஐப்பசி 1

முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தோல் கூடாது. ஐந்து பேர் பாதியில் முழுகினார்கள், கயிறு போட்டு இழுத்தோம். அங்கேயே சீட்டுக் கிழிந்தது. இரண்டு பேர் எப்படியோ உதைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். நான் இறங்கினேன். உதட்டுக்குள் ஏக் தோ, ஏக் தோ. கால் மடங்கவில்லை. அந்தப் பக்கத்துப் படி கையில் இடித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. முதலாளி கைதட்டினார்.

கடைசியாக ராஜவேலு. இறங்கவே இல்லை. "எனக்கு நீச்சல் தெரியாது, மொதலாளி" என்றான்.

அக்கரையிலிருந்து நான் கத்தினேன், இறங்குடா என்று.

"சொல்லிக் குடுத்தவரு ஆளை முழுகடிக்கிறவருன்னு நானேதான் சொன்னேன். அப்ப எனக்கு நீச்சல் எங்கேர்ந்து வந்துது?" என்னைப் பார்த்துக் கேட்டான். வேட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

வெளியே கயிற்றில் வந்த ஐந்து பேரும் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தலை குனிந்து கடந்தேன். முதுகில் துப்பினது எவன் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசி 3

முதலாளி என்னையே நீச்சல் வாத்தியார் ஆக்கிவிட்டார். புது ஆட்கள் ஆறு பேர். மூலையில் சாத்தியிருந்த ஆவாரங்குச்சியும் எனக்குத்தான்.

கார்த்திகை 14

ராஜவேலு அம்மாவைக் கூட்டிப்போக வந்தான். ஜோலார்பேட்டையில் கரி ஷெட்டில் வேலையாம். பாஷாவும் அங்கேதான் கரி தள்ளுகிறாராம். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஊசி பாய்னு கூப்பிடறாங்க" என்றான். "இங்கேர்ந்து போற ரயில்ல அந்தக் கதை டிக்கெட் இல்லாமலே போய்ச் சேந்துடுச்சி. தண்ணித் தொட்டி பக்கம்கூட வுட மாட்டேன்றாங்க அவரை."

போகும்போது தேவகி அக்காள் அழுதாள். அவன் வர்றேன் என்று சொன்னது வாசற்படியைப் பார்த்து. மாமா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கார்த்திகை 15

புது ஆட்கள் தோலைக் கட்டுமுன் வெயிலுக்கு நேரே பிடித்துத் துளை தேடுகிறார்கள். பிறகு என் காலரைப் பார்க்கிறார்கள். இன்றும் பார்த்தார்கள். ஒரு பிடி காற்று விட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

நடுக்கிணற்றில் சப்பென்று போன என் தோல், வயிற்றுப் பக்கம் கத்தி பட்ட தோல். உரிக்கிறவன் செய்த கீறல். கழிக்க வேண்டிய தோலை, இன்னும் ஒரு நாள் தாங்கும் என்று அன்று காலை நான்தான் எடுத்துக் கட்டிக்கொண்டேன். குச்சி நடந்தது, சிரிப்பு நடந்தது, குடுமியைப் பிடித்து என்னைத் தூக்கினது நடந்தது. ஊசி மட்டும் நான் சேர்த்தது.