கானுக்குக் கீழே போன பெட்டி

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அம்மா மறுபடி தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறார். காலையில் உங்களுக்கும் சேர்த்தே தேத்தண்ணி ஊற்றிவிடுகிறார்.

கடைசியாக என்னைத் தலவாக்கலை பஸ்ஸுக்குக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? தண்ணீர்க் கானுக்கு அடியில் போகிற கல் பாதையில் குனிந்து வெளியே வந்ததும் நின்றீர்கள்.

"இது எதுக்குக் கட்டினதுன்னு தெரியுமா புள்ள?"

"மழைக்கு ஒதுங்கவா?"

சிரித்தீர்கள். "சாவு போறதுக்கு. மேல் ரோட்டுல பொணம் போனா பங்களாவுல தொரைக்குத் தேத்தண்ணி எறங்காதாம். அதான் பேக்டரிக்குத் தண்ணி போற கானுக்குக் கீழ நமக்கு ஒரு பொந்து. எங்கப்பாவத் தோள்ல இருந்து எறக்கி, தரையோட இழுத்துக்கிட்டுப் போனாங்க. என்னைய மேல் ரோட்டுல தூக்கிட்டுப் போகச் சொல்லு."

ஏன் என்னிடம் சொன்னீர்கள்? பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஹோல்டில் இறங்கி நடந்து வருகிறவள் நான்.

உங்களைத் தூக்கிய அன்றைக்கு லயத்து வீடுகளின் கோடியில் பெண்களோடு நின்றேன். யாரும் தடுக்கவில்லை அப்பா. பங்களா பூட்டிக் கிடக்கிறது. கானில் தண்ணீர் ஓடியே பல வருஷம். பழக்கத்தில் எல்லோருடைய காலும் அந்தப் பொந்துப் பக்கம் திரும்பிவிட்டது. "குனிங்க, குனிங்க" என்றார் சித்தப்பா. உள்ளே நுழையும்போது தப்பு மேளச் சத்தம் நின்றது. பெட்டி கல்லில் உரசுவது கேட்டது. அப்போது கத்தியிருந்தால்கூட அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

நேற்று கீழ் லயத்து முத்தம்மா அத்தையின் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி ஓடினேன்.

"மேல் ரோட்டுல போங்க சித்தப்பா."

"என்ன புள்ள, கேம்பஸ்ல இதத்தான் படிச்சியா?"

"அப்பா அப்படித்தான் கேட்டாரு. நான்தான் சொல்லல."

சித்தப்பா என்னையே பார்த்தார். "ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேல திருப்புங்கடா" என்றார்.

அத்தை தோளிலேயே போனார். வளைவில் மறையும்வரை பார்த்தேன். நீங்கள் கேட்டது அவருக்குக் கிடைத்தது. உங்களுக்கு நான் எங்கே போய்க் கொடுப்பேன்?

இனி இந்தத் தோட்டத்தில் எந்தச் சாவு எடுத்தாலும் முன்னால் போய் நிற்பேன். குரல் நடுங்கினாலும் சொல்லிவிடுவேன். உங்களிடம் மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். நீங்கள் உடனே கொடுத்துவிடுவீர்கள்.

உங்கள் மூத்த மகள்,
புவனா