அஜ்மான் செல்லோக்காரி

2025 ஜனவரி 11, சனி
துபாய் பஸ்ஸில், ஆளுயர வயலின் போன்ற என் செல்லோவை எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தேன். ஏறிய ஒருவர் ஆளென்று நினைத்து அதற்கு சலாம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இசைக்குழுத் தேர்வில் வில் கைநழுவி, குழு நடத்துநர் அம்மையாரின் காலடிக்கே போய் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். பிறகு அவ்வளவு நன்றாக வாசித்தது நான்தானா?

முன்பு பள்ளியில் வாத்தியங்கள் கொடுத்த அன்று நான் பிந்திப் போனதால் வயலின்களெல்லாம் முடிந்து செல்லோ மட்டும் மிஞ்சியிருந்தது. பிந்திப் போனது எவ்வளவு நல்லது!

ஜனவரி 15
எடுத்துவிட்டார்கள். கடைசி வரிசை, கடைசி நாற்காலி. எடுத்துவிட்டார்கள்!

பெப்ரவரி 3
முதல் ஒத்திகை. எல்லாச் செல்லோவும் ஒன்றாகத் தொடங்கியதும் நாற்காலி வழியே அதிர்வு வயிற்றுக்குள் ஏறியது. வாசிக்க மறந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். ரசிகர்களுக்கு வெளியே இடம் இருக்கிறது என்றார் நடத்துநர்.

பெப்ரவரி 12
ஒத்திகையா டியூட்டியா, ஒன்றைச் சொல் என்றார் நான் வேலை செய்யும் இடத்து மேனேஜர் ராதிகா. ஒத்திகை என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். பஸ் வரும்வரை சிரிப்பு. ஏறினபிறகுதான் பயம். அப்பா நாலு பேரிட்டக் கேட்டு எடுத்துத் தந்த வேலை. ஐயோ, அவருக்கு என்னெண்டு சொல்லுவன்?

பெப்ரவரி 22
தான் வேலை செய்யும் ருவைஸ் எண்ணெய் பிளாண்டிலிருந்து அப்பா லீவில் வந்தார். தேத்தண்ணி குடிக்க முதலே சொல்லிவிட்டேன். எழும்பிப் பால்கனிக்குப் போனார். திரும்பி வந்து எனக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எங்க, ஒருக்கா வாசி பாப்பம்.”

வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரையோ?

“இது அழுற வாத்தியமெண்டெல்லோ நினைச்சன். நீ வாசிக்கேக்க எழும்பி நடக்கோணும் போல கிடக்கு.”

இது சரிவராவிட்டால் என்ன செய்வாய் என்றார். தெரியாது என்றேன்.

“ஒரு வருசம் பார். நான் இருக்கிறன்.”

அம்மா குசினிக்குள் நின்று மூக்கைச் சிந்தினார்.

ஏப்ரல் 19, சனி
முதல் கச்சேரி. அப்பாவுக்கு லீவு இல்லை, வரமாட்டார் என்று அம்மா தனியாகத்தான் வந்தார். இப்போது பின்கதவில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தேன். டியூட்டிச் சப்பாத்தோடு ஒருவர் நேபாளிக் காவலாளியிடம் தமிழிலேயே சொல்லிக்கொண்டு நிற்கிறார்:

“தம்பி, நான் செல்லோக்காரியின்ர அப்பா.”

மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.