மரவட்டை தாண்டிய வாசற்படி

ஸ்ரீரங்கம், 12-11-1961
சேசு மரி சூசை துணை

அன்புள்ள அம்மாவுக்கு, இருதயமேரி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

இங்கே அடைமழை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தால் என் அறையெல்லாம் மரவட்டை. துடைப்பம் பட்டதும் சுருண்டு உருளுவது வேடிக்கைதான். நேற்று நாலைந்து ஊர்ந்து வீட்டுக்கார மாமியின் பூஜை அறைக்குள் போய்விட்டன. பொறுக்கித் தருகிறேன் என்று முறத்தோடு ஓடினேன்.

“வேதக்காரி உள்ளே வரப்படாது!” என்று மாமி கத்தினார். தாமே பெருக்கி, என் அறை வாசலில் கொட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

தூத்துக்குடியிலிருந்து யாராவது வந்தால் மரவட்டை வராமல் வாசலில் தூவக் கொஞ்சம் கிளிஞ்சல் சுண்ணாம்பு கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைக்காமலில்லை, ஊர் முகம் ஒன்றைப் பார்க்கலாமே. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

இரண்டு வருஷமாக இங்கே குடியிருக்கிறேன், அம்மா. அந்தப் பூஜை அறை வாசற்படியை என் பக்கத்திலிருந்து தாண்டியது மரவட்டை மட்டும்தான்.

மகள்,
இருதயமேரி