தாழ்ப்பாள் உட்பக்கம் இருந்தது

உன் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறையின் தாழ்ப்பாள் உட்பக்கம்தான் இருக்கிறது. வியாழக்கிழமை காலை நானே பார்த்தேன். வெளிப்பக்கம் பூட்டோ கொண்டியோ இல்லை. முன்பு இருந்ததைக் கழற்றிய தடமும் இல்லை. சுவருக்கும் கதவுக்கும் சேர்த்து அடித்த வெளிர்பச்சைச் சாயத்தில் ஒரு திருகாணி ஓட்டைகூட இல்லை. அந்தக் கதவைப் பொருத்திய, பாச்சாங் பக்கத்துத் தச்சரைப் போனில் பிடித்தேன். "வெளிய கைப்பிடிகூட வேண்டான்னுட்டாரு லா. உள்ள மட்டும் நல்ல கெட்டியா ஒரு தாப்பா போடச் சொன்னாரு" என்றார்.

நேரில் பார்த்ததும் விசாரித்ததும் ஒத்துப்போகின்றன. ஆனால் இதை நான் விசாரித்திருக்க வேண்டிய நாள் வியாழக்கிழமை அல்ல. உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, வாயைத் திறப்பதற்கு முன்பு.

அன்று கை கழுவுவதற்காக உன் சமையலறைக்குள் போனேன். மளிகைக் கடைக்காரர் கொடுத்த பெரிய காலண்டர் வழக்கம்போலச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அசைந்தது. பிறகு சுவரே அசைந்தது. கைலியும் தொளதொளத்த சட்டையுமாக ஒரு பெண் வெளியே வந்து, குழாயில் தண்ணீர் பிடித்தாள். திரும்பியபோது என்னைப் பார்த்தாள். உன் நெற்றி, உன் மூக்கு. மறு கணம் உள்ளே போய்விட்டாள். காலண்டர் ஆடி நின்றது.

வசந்தா. உன் தங்கை. பெற்றோர் போன பிறகு அவள் தோட்டத்து வீட்டைவிட்டு வந்துவிட்டாள் என்று ஒரு முறை சொல்லியிருந்தாய். அதன் பிறகு எப்போது கேட்டாலும், "ரெம்பியாவுல சித்தி வீட்டுலதான் இருக்கா. நல்லா இருக்கா" என்பாய். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நான் வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குப் போனேன். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் உன்னோடு வேலை செய்தவர்கள் ஒரு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன்: "கதையில எழுதினத வீட்டுலயே செஞ்சிருக்கான்யா. தங்கச்சிய பின்னறையில பூட்டி வெச்சிருக்கான்."

"ஆலாமாக்!" என்று திகைத்தார் ஒருவர். இன்னொருவர் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்த நேரத்தில் என் மனத்தில் இருந்தது துக்கம் மட்டும் அல்ல. மற்றவர்களுக்குத் தெரியாத செய்தியை முதலில் கொடுப்பவனுக்கு வரும் அந்தச் சின்னத் திருப்தியும் இருந்தது. உன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம், உன் கூடாரத்துக்குக் கீழே.

எனக்கு அப்படித் தோன்றியதற்கு உன் கதைகளும் காரணம் என்று இரண்டு நாள் சமாதானம் செய்து பார்த்தேன். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் நீ எழுதிய தொடர்கதை ஒவ்வொன்றிலும் ஒரு ரகசிய அறை இருக்கும். மருந்துக் கடை அலமாரிக்குப் பின்னால், துரை பங்களாவின் மாடிப்படிக்குக் கீழே, பழைய தியேட்டர் திரைக்குப் பின்னால். உள்ளே யாராவது அடைபட்டிருப்பார்கள். கடைசி வாரம் ஒருவன் வந்து கதவை உடைப்பான். வேலை முடிந்து வரும் வழியில் பாச்சாங் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அந்தத் தாள்களை என்னிடம் கொடுப்பாய். படித்துவிட்டு உன்னைச் சீண்டாமல் நான் அனுப்பியதே இல்லை.

"மலாக்காவுல எந்த வீட்டுலடா ரகசிய அறை இருக்கு? தாமான் வரிசை வீட்டுக்கு நாலு சுவரு. அதுல ரெண்டு பக்கத்து வீட்டுக்காரனோடது."

"ஓய் நிருபர், நீ செய்திய எழுது. கதவ நான் பாத்துக்கறேன்."

"சரி, தாப்பா ஏன் எல்லாக் கதையிலயும் வெளியவே இருக்கு?"

"கதைன்னா வெளியதான் இருக்கணும். உள்ள இருந்தா எவன் வந்து ஒடைப்பான்?"

அன்று இருவரும் சிரித்தோம். நீ கதைக்கு என்று சொன்னதை நான் உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கூடாரத்தில் சொன்னது வாட்ஸ்அப்பில் ஏறி ஜொகூர் வரை போயிருக்கிறது. காரியம் முடிந்து திரும்பியிருந்த உன் மகன் அங்கிருந்து கூப்பிட்டான். "அங்கிள், அப்பா அத்தைய அடைச்சி வெச்சிருந்தாருன்னு நீங்களா சொன்னீங்க?"

"ஆமாம்ப்பா, நான்தான்" என்றேன்.

"அத்தை கேட்டுக் கட்டுன ரூம் அங்கிள் அது" என்றான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கும்; சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் கேட்பவர்களிடம் ரெம்பியாவில் இருப்பதாகச் சொல்லச் சொன்னவளும் அவளே. அந்த அறைக்கு முதலில் போட்ட கதவில் கைப்பிடி இருந்திருக்கிறது. "தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்கு வர்றவங்க டாய்லெட்டத் தேடிக்கிட்டு அந்தக் கதவத் தள்ளுவாங்க அங்கிள். சில பேர் ஆட்டிப் பாப்பாங்க. அப்புறம் ஒரு வாரத்துக்கு அத்தை சாப்பிட மாட்டாங்க." அதனால்தான் நீ அந்தக் கதவையே எடுத்துவிட்டு, கைப்பிடி இல்லாத புதுக் கதவைச் சுவர் மாதிரி ஆக்கி, காலண்டரை மாட்டினாய்.

உன் திறந்த இல்ல விருந்துக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவன் நான். காலையிலிருந்து உன் கிரில் கதவு சாத்தியதே கிடையாது. மலாய்க்கார அண்டை வீட்டாரும் உன் தொழிற்சாலையின் சீன மேற்பார்வையாளரும் வரிசையில் நின்று ஆட்டுக்கறி போட்டுக்கொள்வார்கள். அந்தக் காலண்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நான் முறுக்கு தின்றிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு நாங்கள் போவதற்காகக் காத்திருந்திருக்கிறாள்.

உன் மகன் இன்னொன்றும் சொன்னான். யாரோ சமூக நல இலாகாவில் புகார் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வருகிறார்கள். அவள் அடைத்து வைக்கப்பட்டவள் என்று அவர்கள் முடிவு செய்தால், காப்பகத்துக்கு அழைத்துப் போகக்கூடும். "அந்த ரூம விட்டா அத்தைக்குத் தூக்கமே வராது அங்கிள்" என்று சொல்லி, போனை வைத்தான்.

வியாழக்கிழமை போனேன். அவளுக்குச் சாப்பாடு கொடுத்து வரும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வாசல் கதவைத் திறந்துவிட்டு, மெல்லத் தட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். தட்டினேன்.

"யாரு?"

"அண்ணனோட கூட்டாளிம்மா. பேப்பர்ல இருக்கறவன்."

"தெரியும். உங்க சிரிப்புதான் மூணு வீட்டுக்குக் கேக்குமே."

தாழ்ப்பாள் நகர்ந்தது. ஒரு சாண் அளவுக்குக் கதவு திறந்தது. பித்தளைத் தாழ்ப்பாள், விரல் பட்டுப் பட்டு ஓரம் மட்டும் மினுங்கியது. உள்ளே கட்டில், காற்றாடி, வானொலி, அடுக்கி வைத்த ஞாயிறு பதிப்புகள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்: "உங்கள அண்ணன் பூட்டி வெச்சிருந்ததா நான்தாம்மா வெளிய சொல்லிட்டேன்."

அவள் விரல் தாழ்ப்பாளின் ஓரத்துக்குப் போனது. பிறகு, "எங்கண்ணனையா?" என்றாள்.

அவ்வளவுதான். அவளே தொடர்ந்தாள். "அண்ணன் கதை எதுவும் எனக்குப் பிடிக்காது. கடைசியில கதவ ஒடச்சிருவாரு. உள்ள இருக்கறவ பயந்துற மாட்டாளா? கேட்டா சிரிப்பாரு." பிறகு, "திங்கக்கெழம அவங்க ஒடைப்பாங்களா?"

"மாட்டாங்கம்மா. தட்டுவாங்க."

"யாரோ தட்டினா எனக்குத் தொறக்கக் கை வராதுண்ணே. நீங்க தட்டுங்க. சிரிக்காதீங்க."

அந்த மேசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். "அப்படியா? சரி விடு லா, அவருதான் போய்ட்டாரே" என்றார் ஒருவர். மற்றவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். பத்திரிகையில் திருத்தம் என்றால் உள்பக்கத்தில் சின்ன எழுத்திலாவது வரும். உனக்கு அதுவும் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் என் வாக்கியம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதை நானும் சுமந்துகொண்டு நடக்கிறேன்.

இலாகா அதிகாரியிடம் நான் பார்த்ததை அப்படியே சொன்னேன். குறித்துக்கொண்டார். இருந்தாலும் அவளை நேரில் பார்த்துப் பேசிய பிறகுதான் எதையும் முடிவு செய்ய முடியும் என்றார். அது சரிதான். நானும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவர்களுக்கு முன்பே உன் சமையலறையில் நிற்பேன். காலண்டரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மெல்லத் தட்டுவேன். அவள் திறப்பாளா என்பது இன்னும் உறுதியாகவில்லை. தாழ்ப்பாள் அவள் பக்கம் இருக்கிறது.