லின்வுட் அனுப்பிய பெட்ரோல் எஞ்சின்

ஸ்டோனி கோவ், மெய்ன்
செப்டம்பர் 1978

அன்புள்ள தம்பி லின்வுட்டுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. இங்கே நான் நலம். உன் மகள் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று நீ அனுப்பிய மரப்பெட்டி கிளைடின் படகுப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. திறந்தால் உள்ளே பெட்ரோல் எஞ்சின். கருகிப்போனதே, அதே ரகம், அதே பச்சை வர்ணம். "அக்காகிட்ட இப்ப சொல்லாத, பொருத்தின பிறகு சொல்லிக்கலாம்" என்று கிளைடிடம் போனில் சொன்னாயாம். அவன் முகம் சிவந்துபோய் என்னிடம் வந்து நின்றான். "என்னால அந்தப் படகுல திரும்ப இதை வைக்க முடியாதும்மா. அன்னிக்கு அந்தப் பொண்ணை அதுலேர்ந்து வெளியே தூக்கினவன் நான்" என்றான். பட்டறைக்காரனுக்கு இருக்கிற ஈரம் பெற்றவனுக்கு வேண்டாமா?

அந்தப் பாய்மரப் படகு நம் இருவருக்கும் பொது. டீசல் எஞ்சினுக்கு மாற்றிவிடுவோம் என்று எத்தனை வசந்தத்தில் உன்னிடம் கெஞ்சியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் உன் பதில் ஒன்றுதான். டீசல் டிராக்டர் மாதிரி அதிரும், அந்த வாடைக்கே உனக்குக் குமட்டும். பெட்ரோல் எஞ்சின் பூனைபோல ஓடும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோல் ஆவி கனமானது, படகுக்குள் அடியில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும் என்றேன். "ஜாக்கிரதையா இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. ஊர்ல இருக்கற பயத்தையெல்லாம் நீயே சேர்த்து வச்சுக்கற" என்று சிரித்தாய்.

நாங்கள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தோம். அன்று மருத்துவமனையிலிருந்து நான் போன் செய்தபோது நீ முதலில் கேட்டது என்ன, நினைவிருக்கிறதா? "காத்தாடியைப் போட்டீங்களா?" உன் மகள் பெத்தனி எப்படி இருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

போட்டோம், லின்வுட். நீ சொல்லிக்கொடுத்தபடியே பெத்தனி எல்லாக் கதவையும் சாத்திவிட்டுப் பெட்ரோல் தொட்டியை நிரப்பினாள். பிறகு எல்லாவற்றையும் திறந்து, அடியில் உள்ள ஆவியை வெளியே தள்ளும் காத்தாடியை ஓடவிட்டாள். மேல்தளத்தில் உட்கார்ந்து புளூபெர்ரி மஃபின் தின்றுகொண்டே தன் வகுப்புப் பிள்ளைகள் அடிக்கும் கூத்தையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். காத்தாடி நன்றாகத்தான் இரைந்தது. அதன் குழாய் உள்ளே கழன்று கிடந்ததை கிளைட் பிறகு பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். அடியில் உள்ள ஆவியை விட்டுவிட்டு மேலே உள்ள நல்ல காற்றை இழுத்துத் தள்ளியிருக்கிறது. பெட்ரோல் இறங்கும் ரப்பர் குழாயில், கண் எட்டாத வளைவில் வெடிப்பு. பெட்ரோல் போடும் துறையே பெட்ரோல் நாற்றம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

"அத்தை, கயித்தை அவுத்துவிடுங்க, கிளம்பலாம்" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருகினாள். பெரிய கதவை யாரோ ஓங்கி அறைந்தது போல ஒரு சத்தம். எஞ்சினின் மேல்மூடி பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது. அவள் கைகளைத் தூக்கி முகத்தை மறைத்திருக்கிறாள். முகம் தப்பியது.

இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு கைக்கும் கட்டு. நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன், சூப்பை ஊட்டுகிறேன். பள்ளி திறந்துவிட்டது, அவள் வகுப்பை வேறொருத்தி நடத்துகிறாள். விரல்கள் மடங்கும், சாக்பீஸ் பிடிக்க நாளாகும் என்கிறார் டாக்டர். இத்தனைக்கும், பார்க்க வருகிறவர்கள் உன்னை ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்குப் போகிறாள். "எங்கப்பா எங்களைப் பத்திரமா இருக்கத்தான் சொல்லிக்குடுத்தாரு. அவரைப் பேசறதா இருந்தா எழுந்து போங்க" என்கிறாள்.

பூ அனுப்பினாய். ஃபுளோரிடாவிலிருந்து ஆரஞ்சு ஒரு கூடை அனுப்பினாய். இப்போது எஞ்சின் அனுப்பியிருக்கிறாய். உனக்கு வேலை அதிகம் என்று உன் மனைவி சொல்கிறாள். அது பொய். உனக்குப் பயம். அந்தக் கைகளைப் பார்க்கப் பயம். எனக்கும்தான், கட்டுப் பிரிக்கும்போது நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஆனாலும் பக்கத்தில் நிற்கிறேன்.

பெட்டியை வந்த லாரியிலேயே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். டீசல் வைக்கச் சம்மதமென்றால் வசந்தத்தில் பேசுவோம். இல்லையென்றால் படகு கரையிலேயே கிடந்து மட்கட்டும். என் கையெழுத்து இல்லாமல் இனி ஒரு திருகாணி கூட அதில் ஏறாது.

நீ வருவாயா என்று பெத்தனி ஒரு நாளும் கேட்டதில்லை. தெருவில் கார் நிற்கிற சத்தம் கேட்டால் மட்டும் பேசிக்கொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்திவிடுகிறாள். கார் கிளம்பிப் போன பிறகு, எங்கே விட்டோம் என்று என்னைக் கேட்கிறாள்.

உன்னைத் திட்ட இன்னும் நிறைய இருக்கிறது. நீ வாசலில் வந்து நின்றால் ஒன்றையும் சொல்ல மாட்டேன். வெறுங்கையோடு வா. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
வெர்னா