அருள்மலர் விழாத சோடி

ஜனவரி 15, புதன்

இன்று மலை சீப்பால் வாரியதுபோல இருந்தது. விடியுமுன்பே இயந்திரம் ஓடி, பனியைக் கோடு கோடாகச் சீவி வைத்திருந்தது. நான் சுவிஸில், ஸோரன்பெர்க் மலையடி உணவகத்தில் கண்ணாடிப் பக்கமாக இருந்து இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு தேநீர் ஆறும் நேரம் வேண்டும்.

அருள்மலர் சிவப்புச் சறுக்குப் பலகைச் சோடியில் நான்கு தரம் மலை இறங்கினாள். விழவில்லை.

ஏன் எழுதுகிறேன் என்பதையும் எழுதவேண்டும். போன மார்ச்சில் என் மனைவி அருள்மலர் உறைபனியில் விழுந்து இடது மணிக்கட்டு எலும்பை வெடிக்க வைத்தாள். ஆறு கிழமை கட்டு. எங்கள் மகன் டினேஸ், "அறுபத்தாறு வயசில உது தேவையோ அம்மா? காணும்" என்றான். அவள் முப்பது வருடம் ஓல்டனில் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நின்றவள். "நான் இப்பதான் வெளியில வந்திருக்கிறன், திருப்பி உள்ளுக்குப் போகச் சொல்லாதை" என்றாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம். இந்தப் பனிக்காலம் மட்டும் போகலாம். ஒருதரம் விழுந்தாலும் அத்தோடு முடிந்தது.

"ஆர் பாக்கிறது?" என்று கேட்டாள்.

"அப்பா பாப்பார். அவருக்கு இப்ப எழுதவும் தெரியும்."

எழுத ஒரு கொப்பியும் அவனே வாங்கித் தந்தான். ஏழு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகக் கடலுக்குப் போனவன் நான், போன வருடம்தான் ஒரு ரீச்சரிடம் தமிழ் எழுதப் படித்தேன். எழுபத்து மூன்று வயதில், எழுதத் தெரியும் என்பதற்காக எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அலோசியஸ் என்கிற நான், சாட்சி!

ஜனவரி 16, வியாழன்

'ஸ்கீ' என்று, அந்தச் சறுக்குப் பலகையின் பெயரை, ஒரு பக்கம் எழுதிப் பழகினேன். வடிவாக வருகிறது.

ஜனவரி 18, சனி

ஊர்ஸைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். மலையடியில் ஸ்கீ வாடகைக்குக் கொடுப்பவன். பனிக்காலம் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்தால் விரும்பியபோது சோடியை மாற்றிக்கொள்ளலாம். அருள்மலரின் உயரத்துக்கு அவனிடம் மூன்று சோடி இருக்கின்றன. மூன்றும் பெண்களுக்கென்றே செய்தவை. பாரம் குறைவு, வளைவது லேசு. பெயர்களை என்னால் வாசிக்க முடியவில்லை, அவை தமிழில் இல்லை. நிறத்தால் எழுதுகிறேன்.

சிவப்பு – நடு அகலம் 76 மில்லிமீற்றர். ஒடுக்கம், இறுக்கம்.
ஊதா – 84. மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும்.
வெள்ளை – 94. பலகை மாதிரி.

மூன்றும் எல்லாப் பனிக்கும் ஓடும் என்கிறான் ஊர்ஸ். எல்லாக் கடலுக்கும் இது ஒன்றே காணும் என்று எனக்கு ஒருவரும் வள்ளம் விற்றதில்லை. பார்ப்போம்.

ஜனவரி 22, புதன்

புதுப் பனி. முழங்கால்வரை. மலை முழுக்க மாவாகக் கிடந்தது.

சிவப்பின் மூக்கு உள்ளே போனது. ஸ்கீ நின்றது, அருள்மலர் நிற்கவில்லை. முன்னால் பறந்து பனிக்குள் மறைந்தாள். அவளின் சிநேகிதி வ்ரேனி, சலவை அறையில் கூட வேலை செய்தவள், ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கியபோது இரண்டு பேருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள். நோ ஒன்றும் இல்லை. பஞ்சு மெத்தையில் விழுந்தது போல என்றாள்.

நான் எழுதினேன்: விழுந்தாள்.

தேநீர் குடிக்க வந்தவள் கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உதையேன் எழுதினனீங்கள்?"

"நடந்தது தானே."

"நடந்ததெல்லாம் எழுதிறதெண்டால் நீங்கள் போன கிழமை பஸ்ஸில நித்திரையாப் போய் ஒரு கிழவியின்ர தோளில வாய்நீர் விட்டதையும் எழுதுங்கோ."

எழுதிவிட்டேன்.

பிறகு வெள்ளைக்கு மாற்றினாள். அது பனிக்கு மேலே மிதந்தது. பார்க்க எனக்கே ஏறவேண்டும் போல இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

ஒன்றைக் கண்டுபிடித்தேன். மலையில் எந்த ஸ்கீயைப் பற்றிக் கேட்டாலும் அருள்மலர் சொல்வது ஒரே சொல்: பரவாயில்லை. சிவப்பு? பரவாயில்லை. வெள்ளை? பரவாயில்லை. ஊர்ஸ் பக்கத்தில் நிற்கிறான் அல்லவா. ஒருவர் தந்த பொருளை அவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது எங்கள் ஆட்களால் முடியாத காரியம். கல்யாண வீட்டில் சோறு வேகாவிட்டாலும் கை கழுவிக்கொண்டு 'நல்ல சாப்பாடு' என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் நாங்கள். வ்ரேனியைக் கேட்டால் ஒரே மூச்சில் எட்டுக் குறை சொல்வாள். ஆனால் ஓடுவது வ்ரேனி இல்லையே.

இன்று அருள்மலர் வெங்காயம் உரிக்கும்போது தானாகவே வந்தது:

"அந்தச் சிவப்புச் சனியன் திரும்பாது. மாமியார் மாதிரி, பிடிச்சால் பிடிச்சதுதான்."

குசினிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டேன். இனிமேல் மலையில் பார்ப்பதைப் புதன்கிழமை எழுதுவேன். அவள் சொல்வதை வியாழக்கிழமை குசினியில் எடுப்பேன்.

ஜனவரி 26, ஞாயிறு

டினேஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். மருமகள் டயனாவுக்கு வேலை. வந்ததும் வராததுமாக, "என்னப்பா, அம்மா விழுந்தவவோ?" என்றான்.

அருள்மலர் மீன் பொரித்த கரண்டியோடு என்னைப் பார்த்தாள்.

கொப்பியை அவன் முன்னால் வைத்தேன். எல்லாம் அதில் இருக்கிறது என்றேன். அது உண்மை.

அவன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். நெற்றியைச் சுருக்கினான். ஓல்டனில் பிறந்தவன், டொச்சில், ஜெர்மன் பாசையில், கணக்கியல் படித்தவன். தமிழ்ப் பள்ளிக்கு விட்டோம், பந்தடிக்க ஓடினான். 'விழுந்தாள்' என்ற சொல்லுக்கு மேலே அவன் விரல் போய் நின்றது.

"நல்ல வடிவா எழுதியிருக்கிறீங்கள் அப்பா" என்று மூடி வைத்தான்.

அருள்மலர் அவனுக்கு இரண்டு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள். எனக்கும் ஒன்று.

இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொன்பது வருடம். எந்தக் கடிதம் வந்தாலும் அவனிடம் நீட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். இன்று அவன் முகம் அப்படி இருந்தது. சந்தோசப்பட்டேன். சந்தோசப்பட்டது சரியா என்று தெரியவில்லை.

பெப்ரவரி 5, புதன்

உறைபனி. மலை கண்ணாடி. வெள்ளைச் சோடி தகரத்தில் கரண்டி தேய்த்ததுபோலச் சத்தம் போட்டது, உள்ளே இருந்த எனக்கே கேட்டது. பிடிக்கவில்லை, வழுக்கியது. விழுந்தாள். பத்து மீற்றர் இருந்தபடியே வந்தாள். நான் எழும்பியதில் தேநீர் கொப்பியில் ஊற்றுப்பட்டது. இந்தப் பழுப்பு அதுதான்.

கையை ஊன்றவில்லை. மணிக்கட்டுக்கு ஒன்றுமில்லை.

சிவப்புக்கு மாற்றினாள். உறைபனியில் சிவப்பு கத்தி. வெட்டிக்கொண்டு போனது. மாவுப் பனியில் கவிழ்த்ததும் இதே சோடிதான்.

பெப்ரவரி 6, வியாழன்

குசினிச் செய்தி: "வெள்ளையோ? அது பனி கண்டால் அன்னம், ஐஸ் கண்டால் வாத்து." பிறகு, கறியைக் கிண்டிக்கொண்டே, "டினேஸுக்குச் சொல்லுவீங்களோ?"

தெரியாது என்றேன். கறிக்கு உப்புக் கூடிவிட்டது.

பெப்ரவரி 19, புதன்

முதல் தரம் ஊதா. காலையில் இறுகிய பனி, பத்தரைக்குப் பிறகு எல்லாரும் உழுது குழப்பிய பனி, நிழல் பக்கத்தில் கொஞ்சம் ஐஸ். மூன்றையும் ஊதாவில் இறங்கினாள். உறைபனியில் சிவப்பளவு பிடிக்கவில்லை, மெல்லப் போனாள். குழப்பிய பனியில் வெள்ளையளவு மிதக்கவில்லை, ஆனால் மூக்கு உள்ளே போகவில்லை.

ஒன்பது தரம் இறங்கினாள். விழவில்லை.

இல்லை, முழுதும் எழுதவேண்டும். லிப்டுக்கு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற பெரிய உடம்புக்காரர் பின்னுக்குச் சறுக்கி வந்து இவள் ஸ்கீயில் ஏறினார். இரண்டு பேரும் விழுந்தார்கள். அவர் மேலே. இது விழுந்ததா? நின்ற இடத்தில் விழுந்ததை எந்தப் பனியில் சேர்ப்பது? தனியாக எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 20, வியாழன்

குசினியில் ஊதாவைப் பற்றி ஒரு குறையும் வரவில்லை. வெங்காயம் முடிந்துவிட்டது, பிறகு உள்ளியும் முடிந்துவிட்டது. நானே கேட்டேன்.

"என்ன சொல்லுறது? அது நான் நினைக்கேக்கையே திரும்புது" என்றாள்.

மார்ச் 5, விபூதிப் புதன்

காலைப் பூசை, பிறகு ரயில். நெற்றியில் சாம்பலோடு ஸ்கீ ஓடியவள் இந்த மலையில் இவள் ஒருத்திதான். வெயில். பனி கஞ்சி. சிவப்பு சேற்றில் இறங்கும் என்று ஊர்ஸே சொன்னான். ஊதாவில் ஏழு தரம், விழவில்லை. ஒருசந்தி நோன்பு என்றபடியால் தேநீர் மட்டும். பசியில் எழுத்துச் சிறுத்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

டினேஸும் டயனாவும் வந்தார்கள். சாப்பிட்டு முடிய, "எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்களே வாசியுங்கோ அப்பா, கேப்பம்" என்றான் டினேஸ்.

கண்ணாடி போட்டேன். தொண்டையைச் செருமினேன். ஜனவரி 15 லேசு. அதற்கடுத்த புதன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நான் தொடங்கமுன் டயனா கொப்பியை இழுத்தாள். அவள் மன்னாரில் பிறந்து படித்து, கல்யாணம் முடித்து இங்கே வந்தவள். தமிழ் அவளுக்குத் தண்ணீர். "மாமாவுக்குக் கண் நோகும். நான் வாசிக்கிறன்."

அருள்மலர் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

டயனா வாசித்தாள். தங்குதடை இல்லாமல், ஒரு பக்கம் விடாமல். ஆனால் அவள் வாசித்ததில் ஒருவரும் விழவில்லை. 'சிவப்பின் மூக்கு உள்ளே போனது. பிறகு வெள்ளைக்கு மாற்றினாள்.' நடுவில் ஒரு மனுசி பறந்தது எங்கே? எழுதிய எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. கிழவியின் தோளில் வாய்நீர் விட்டதை மட்டும் விடாமல் வாசித்தாள்.

டினேஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். "அப்ப ஒருக்காவும் விழேல்ல. கெட்டிக்காரி அம்மா."

கோப்பை கழுவும்போது டயனா என் பக்கம் சரிந்து, "மூண்டு தரம் மாமா. லிப்டையும் எண்ணினால்" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று யோசித்தேன். பொய் சொன்னாயா என்று கேட்பார். இல்லை பாதர், எழுதினேன். மறைத்தாயா? இல்லை பாதர், காட்டினேன். அப்ப என்னத்துக்கு வந்தனீ என்பார்.

என்னத்துக்கு? டினேஸ் என்னை நம்பித்தான் கொப்பியைத் தந்தவன்.

மார்ச் 11, செவ்வாய்

அருள்மலர் கடைக்குப் போன நேரம் பார்த்து டினேஸுக்கு ரெலிபோன் எடுத்தேன். வேலையில் நிற்கிறன், கெதியாச் சொல்லுங்கோ என்றான். கெதியாக எனக்கு வராது, இது வாசிக்கவேண்டிய விசயம் என்றேன்.

விரலை வைத்து வாசித்தேன். ஜனவரி 22. பெப்ரவரி 5. பெப்ரவரி 19, உடம்புக்காரர் உட்பட. பத்து மீற்றர் என்ற இடத்தில் தடக்கி, திருப்பி வாசித்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"டினேஸ்?"

"நிக்கிறன் அப்பா." பிறகு, "நீங்கள் வாசிச்சு நான் இதுவரைக்கும் கேட்டதில்லை."

நான் தயாராக இருந்தது ஏச்சுக்கு.

"எந்தெந்தச் சோடியில விழுந்தவ, திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னேன். மாவுப் பனியில் சிவப்பு. உறைபனியில் வெள்ளை. இரண்டும் அந்தந்தப் பனிக்குப் பிழையான சோடி.

"ஊதாவில?"

"ஓடேக்க ஒருக்காவும் இல்லை. பதினாறு தரம் இறங்கினவ. கஞ்சிப் பனியிலயும்."

கணக்குப் படித்தவன். யோசிப்பது எனக்குக் கேட்டது. "பாப்பம்" என்று வைத்துவிட்டான்.

மார்ச் 12, புதன்

மழை. மலைக்குப் போகவில்லை. டினேஸுக்கு வாசித்ததை அருள்மலருக்குச் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

என்னோடு கதைக்கவில்லை. குசினிக் கதவு பூட்டு.

மார்ச் 14, வெள்ளி

கதைத்தாள். "உங்களுக்கு எழுத்துப் படிப்பிச்சவவைத் தேடிப்பிடிச்சு ஏசவேணும்." அவ்வளவுதான். எண்டாலும் கதைத்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

டினேஸ் வரவில்லை. வேலையாம். பாப்பம் என்றால் என்ன? ஓம் என்றா, இல்லை என்றா? என் பிள்ளை, என் பாசை, விளங்கவில்லை. அருள்மலர் கையுறைகளைத் தோய்த்து, மடித்து, பெட்டியில் வைத்து மூடினாள்.

மார்ச் 19, புதன்

காலை ஏழரைக்கு மணி அடித்தது. டினேஸ், குளிர்ச்சட்டையோடு. லீவு போட்டிருக்கிறானாம். "அம்மா வெளிக்கிடுங்கோ, ரயில் போகப்போகுது." அருள்மலர் பெட்டியைத் திறந்து கையுறையை எடுத்தாள்.

ரயிலில் ஒருவரும் அதிகம் கதைக்கவில்லை. வ்ரேனி லூசேர்னில் ஏறி எல்லாருக்குமாகக் கதைத்தாள்.

ஊர்ஸின் கடையில் டினேஸ் ஊதாச் சோடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஊர்ஸோடு வேகமாகச் சுவிஸ் டொச் கதைத்தான், என் டொச் அவ்வளவு ஓடாது. ஊர்ஸ் தலையாட்டினான், பிறகு இல்லை என்று ஆட்டினான், பிறகு திருகாணிச் சாவியை எடுத்தான்.

என்னவாம் என்று வ்ரேனியைக் கேட்டேன். மெதுவாகச் சொன்னாள். காலணியை ஸ்கீயோடு பூட்டும் பிடி ஒன்று இருக்கிறது. விழும்போது அது தானாகத் திறந்து காலை விடவேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் முறுகும். அம்மா விழுந்தால் இன்னும் கொஞ்சம் லேசாகத் திறக்குமாறு வைக்க முடியுமா என்று கேட்கிறானாம்.

ஊர்ஸ் திருகினான். டினேஸ் குனிந்து காலணியைப் பூட்டி, பக்கவாட்டில் தள்ளினான். டக் என்று விட்டது. திருப்பிப் பூட்டித் தள்ளினான். விட்டது. மூன்றாம் தரமும் பார்த்துவிட்டுத்தான் தாயிடம் கொடுத்தான்.

பனி: காலையில் இறுக்கம், பதினொன்றுக்குப் பிறகு தளர்வு. ஊதா, எட்டுத் தரம். டினேஸ் எனக்குப் பக்கத்தில் இருந்து, எனக்கு வாங்கிய தேநீரைத் தான் குடித்துக்கொண்டு, நான் எழுதுவதைப் பார்த்தான். விழுந்தாளா என்று கேட்கவில்லை. மலையைக் காட்டி, "அப்பா, அம்மா திரும்புறதைப் பாருங்கோ" என்றான்.