எந்தக் காமாட்சி?

ஆவணி 18, வியாழன்

காலையிலிருந்து தூறல். பாவாடை காயவில்லை. ஈரத்தோடு ஸ்கூல்.

சனிக்கிழமை முனிசிபல் எலெக்‌ஷன். சாயங்காலம் குடைச் சின்னத்துக்காரர் ஓட்டுக் கேட்டு எங்கள் ஸ்டோர் வீட்டுக்கு வந்தார், தொப்பலாக நனைந்து. "சின்னத்தை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா சார்?" என்றேன். அம்மா கிள்ளினாள்.

எட்டுக் குடித்தனம், ஒரே கதவு நம்பர். தண்ணீருக்குத் தெருக்கோடி வரை நடை. அவர் ஜெயித்தால் வாசலிலேயே குழாயாம். குழாய் வருமோ என்னவோ, குழையக் குழையப் பேசினார்.

அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "குழாய் வந்தா என் இடுப்பு பொழைக்கும். என் ஓட்டு குடைக்குத்தான்." போன தடவை எனக்கு அம்மை, அவள் போகவில்லை. இதுதான் முதல் ஓட்டு.

வெள்ளி

மத்தியானம் லீவு! எங்கள் வகுப்புதான் ஓட்டுச் சாவடி. டீச்சர் என்னை நிற்க வைக்கும் மூலையில் திரை கட்டுகிறார்கள். நாளைக்கு ஊரே அங்கே நிற்கும். எனக்குப் பெருமை.

சனி

நல்ல வெயில். அப்பா முதல் ஆளாய் ஓட்டுப் போட்டுவிட்டுப் பொன்மலைக்கு வேலைக்குப் போய்விட்டார். அம்மா, அத்தை (அப்பாவின் அக்கா) வரிசையில். தம்பிப் பாப்பா என் இடுப்பில். நான் ஜன்னலோரம்.

"பேரு?"

"காமாட்சி."

அதிகாரி புரட்டினார். "ஒரே கதவு நம்பர்ல ரெண்டு காமாட்சி இருக்கே. வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

அம்மா ஜன்னல் வழியே பெருமாள் கோயில் கோபுரத்தைக் காட்டினாள்.

"ஒருத்தர் ரங்கசாமி, இன்னொருத்தர் ரங்கராஜு. இந்த ஊர்ல கோபுரத்தைக் காட்டினா நான் யாருன்னு எடுத்துக்கறது?"

வரிசையே சிரித்தது. நான் கத்தினேன், "சார், ரங்க..."

"ஓட்டுப் போடறவங்கதான் சொல்லணும். நீ போ பாப்பா."

அத்தை பதறினாள். "வேண்டாம் காமாட்சி. புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும். என் தம்பி நல்லா இருக்கணும். ஓட்டு கிடக்கு, வா வீட்டுக்கு."

"சொல்லலைன்னா நகருங்கம்மா. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

அம்மா நகரவில்லை. தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதிகாரியை நேராகப் பார்த்தாள்.

"ரங்கசாமி. அவரு சம்சாரம் நான்."

சிரிப்பு நின்றது. பிறந்ததிலிருந்து அந்தப் பெயரை அந்தக் குரலில் கேட்டதில்லை. தொண்டை வரை வந்த கேலி அப்படியே இறங்கிவிட்டது.

விரலில் மை. திரைக்குக் கீழே அவள் மெட்டி மட்டும் தெரிந்தது. உள்ளே அத்தை இல்லை, அப்பா இல்லை. அம்மா மட்டும். எவ்வளவு நேரம் நின்றாள்! என் மூலையா அது?

சாயங்காலம் அப்பா வந்ததும் அத்தை அழுதுகொண்டே ஒப்பித்தாள். அம்மா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா என்னிடம் மெதுவாக, "சத்தமாவா சொன்னா?"

"வாசல் போலீஸ்காரருக்கே கேட்டுச்சுப்பா."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு அத்தையிடம், "பொழுது சாஞ்சாச்சு. இன்னும் உசுரோடதானேக்கா இருக்கேன்? சோறு போடச் சொல்லு."